68 நிமிடத்தில் பாதியாகும் மருந்து

முகம் திடீரெனச் சிவந்து சூடாகும். வயிற்றுப்போக்கு மாதக்கணக்கில் நிற்காது. குடல் கோளாறு, ஒவ்வாமை என்று மருந்தை மாற்றி மாற்றிச் சாப்பிட்டு ஆண்டுகள் ஓடிய பிறகுதான் சிலருக்கு அது ‘நியூரோ எண்டோகிரைன்’ கட்டி என்று தெரியவருகிறது. குடல், கணையம், நுரையீரல் ஆகியவற்றில் பெரும்பாலும் மெதுவாக வளரும் புற்று இது. வழக்கமான பெட் ஸ்கேன், கட்டி எங்கே சர்க்கரையை உறிஞ்சுகிறது என்று தேடும். மெதுவாக வளரும் கட்டி அதிகம் உறிஞ்சாது, படத்தில் தப்பிவிடும்.

ஆனால் இந்தக் கட்டிச் செல்களில் சோமடோஸ்டேட்டின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளம். 14 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதனால் வேதியியலாளர்கள் அதை 8 அமினோ அமிலங்களாகச் சுருக்கி, நொதிகள் எளிதில் வெட்ட முடியாதபடி சிலவற்றை மாற்றி அமைத்தார்கள். அதன் முனையில் ‘டோட்டா’ என்ற வளைய மூலக்கூறை இணைத்தால் அது கதிரியக்க உலோக அணுவைக் கவ்விக்கொள்ளும். இதுதான் டோட்டாடேட் பெப்டைடு.

ஸ்கேனுக்காக இதில் பெரும்பாலும் ஏற்றும் உலோகம் காலியம்-68. ‘ஜெனரேட்டர்’ என்ற கருவியின் ஈயக் கவசத்துக்குள் இருக்கும் சிறு குழாயில் ஜெர்மேனியம்-68 சிதைந்து காலியமாக மாறியபடியே இருக்கும். காலையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தினால் காலியம் மட்டும் வெளியே வரும்; மாட்டில் பால் கறப்பதுபோலத்தான், சில மணி நேரத்தில் மறுபடி ஊறிவிடும். கறந்ததைப் பெப்டைடுடன் சேர்த்து, அமிலத்தன்மையைச் சரிசெய்து, ஏறக்குறைய 95 டிகிரியில் சில நிமிடங்கள் சூடாக்கி, வடிகட்டி, தரம் பார்த்து ஊசியில் ஏற்றுகிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேன். மண்ணீரலும் சிறுநீரகங்களும் இயல்பாகவே ஒளிரும். அதைக் கட்டியென்று மலைக்காமல் படிக்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. காலியம்-68 ஒவ்வொரு 68 நிமிடத்துக்கும் பாதியாகக் குறையும். தஞ்சாவூரில் ஏறிய பேருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய பாதி தீர்ந்திருக்கும். சென்னையிலிருந்து ஆறு மணி நேரம் சாலையில் கொண்டுவந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். எனவே மருந்து நோயாளியைத் தேடி வராது. வேதாரண்யத்திலோ மன்னார்குடியிலோ இருப்பவர்தான் அதைக் கறக்கும் ஊருக்குப் போக வேண்டும். அறுவடை நேரத்தில் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு போக எத்தனை குடும்பங்களால் முடியும்?

இந்த இடத்தில்தான் டெக்னீசியம்-99எம் கைகொடுக்கிறது. இதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், ஆறு மணி நேரம். இதற்கு பெட் கருவி வேண்டாம். காமா கேமரா போதும். இதே ஏற்பிகளைத் தேடும் ‘ஹைனிக்-டாக்’ பெப்டைடை உறையவைத்து உலர்த்திய கிட்டாகத் தயாரிக்கும் நுட்பத்தை மும்பையில் நம் அணுசக்தித் துறை விஞ்ஞானிகளும் கைவரப் பெற்றிருக்கிறார்கள். குப்பியைக் குளிரில் வைத்திருந்து, டெக்னீசியம் ஜெனரேட்டர் உள்ள மருத்துவமனையிலேயே கலந்துகொள்ளலாம். மிகச் சிறிய கட்டிகளைக் காலியம் இன்னும் துல்லியமாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் காவிரி டெல்டாவுக்கு முதலில் இந்த எளிய வழி பரவலாக வேண்டும் என்பதே என் கருத்து. அடுத்து, காலியம் கறக்கும் வசதி. ஜெர்மேனியத்தின் அரை ஆயுள் 271 நாள் என்பதால் ஒரு குழாய் பல மாதங்கள் உழைக்கும்.

இந்தப் படம் கட்டியைக் கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை. அதே டோட்டாடேட் பெப்டைடில் லுட்டீசியம்-177-ஐ ஏற்றினால் அதுவே சிகிச்சை. லுட்டீசியத்தின் அரை ஆயுள் 6.6 நாள் என்பதால், மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையில் தயாராகி விமானத்தில் வரலாம். ஆனால் ஸ்கேனில் கட்டி ஒளிர்ந்தவருக்கே இந்தச் சிகிச்சை பலிக்கும். இதே ஏற்பிகளைப் பற்றும் ஆக்ட்ரியோடைடு ஊசியை ஏற்கெனவே போட்டுக்கொள்பவர்கள், ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி ஊசிக்கும் ஸ்கேனுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதை அவரே முடிவு செய்வார்.