கணக்கில் வராத வெம்ப்ளி

டென்னிஸில் யார் பெரிய ஆட்டக்காரர் என்ற பேச்சு வந்தால், இன்று எல்லோரும் கிராண்ட்ஸ்லாம் பட்டங்களைத்தான் எண்ணுகிறார்கள். ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20. பட்டியலில் இன்னும் கீழே போனால் ராய் எமர்சன் 12, ராட் லேவர் 11, கென் ரோஸ்வால் 8, பாஞ்சோ கோன்சாலஸ் 2. இந்தக் கடைசி நான்கு எண்களை நம்பி யாரும் முடிவுக்கு வரக்கூடாது என்பது என் கருத்து. அவற்றின் பின்னால் இருக்கும் கதையைப் படிக்க, 1990-ல் நின்றுபோன ஓர் உள்ளரங்கப் போட்டியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. லண்டன் வெம்ப்ளியில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காக நடந்த சாம்பியன்ஷிப் அது.

1968 வரை டென்னிஸ் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. விம்பிள்டன், பிரெஞ்சு, ஆஸ்திரேலிய, அமெரிக்கப் போட்டிகளும் டேவிஸ் கோப்பையும் அமெச்சூர்களுக்கு மட்டுமே. பணத்துக்கு ஆடுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு அன்றோடு அந்தக் கதவுகள் அடைபட்டன. அமெச்சூர்களுக்கும் வழிச்செலவு என்ற பெயரில் பணம் கைமாறியது ஊரறிந்த விஷயம். ஆனாலும் வெளிப்படையாக வாங்கியவர்கள்தான் ஒதுக்கப்பட்டார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய், விரித்துச் சுருட்டும் கான்வாஸ் தளத்தில் ஆடிப் பிழைத்தார்கள். அங்கே ஒரே எதிராளியோடு மாதக்கணக்கில் மோதுவதுதான் வழக்கம். தோற்றால் வெளியே என்ற முறையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடி ஆடிய போட்டிகள் மிகக் குறைவு. அந்தக் குறைவான போட்டிகளில் முதல் வரிசையில் இருந்தது வெம்ப்ளி.

போட்டி நடந்த எம்பயர் பூல், 1934-ன் பேரரசு விளையாட்டுகளில் நீச்சலுக்காகப் பொறியாளர் ஓவன் வில்லியம்ஸ் கட்டிய கூடம். அதே ஆண்டில் அங்கே டென்னிஸும் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகளும் எல்ஸ்வொர்த் வைன்ஸ் வென்றார். பிறகு ஹான்ஸ் நுஸ்லைன் இருமுறை, 1939-ல் டான் பட்ஜ். போர் குறுக்கிட்டது. 1949-ல் ஜாக் கிரேமர் வென்றதிலிருந்து மீண்டும் சூடு பிடித்தது. நீச்சல் குளமாகவும் பனித்தளமாகவும் மாறி மாறிப் பயன்பட்ட இடத்தில் மரத்தளம் போட்டு ஆடினார்கள். மரத்தில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு வரும். களிமண் தளத்தில் கிடைக்கும் அவகாசம் இங்கே இல்லை. காற்று, வெயில் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. நல்ல சர்வ் உள்ளவர் பாதி ஆட்டத்தை அதிலேயே முடித்துவிடலாம். ஆறடிக்கு மேல் மூன்று அங்குலம் உயர்ந்த கோன்சாலஸ் அங்கே 4 முறை வென்றதில் வியப்பில்லை. ஐந்தடி ஏழு அங்குலம் மட்டுமே இருந்த, சர்வுக்குப் பேர்போகாத ரோஸ்வால் அதே தளத்தில் 5 முறை வென்றார், அதில் 1960 முதல் 1963 வரை தொடர்ந்து 4 முறை. எதிராளியின் அசுர சர்வை அந்த மெல்லிய பேக்ஹேண்டால் திருப்பி அவர் காலடியிலேயே போட்ட மனிதரை, 8 பட்டக்காரர் என்று ஒரு வரியில் எழுதி முடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அங்கே நடந்த ஆட்டத்தின் தரத்துக்கு 1956 இறுதிப் போட்டியே சாட்சி. கோன்சாலஸும் ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் செட்ஜ்மேனும் மோதினார்கள். முதல் செட் செட்ஜ்மேனுக்கு, 6-4. அடுத்த இரண்டும் கோன்சாலஸுக்கு 11-9, 11-9. கடைசி செட் 9-7. டைபிரேக்கர் என்ற ஏற்பாடு வராத காலம் அது. இரண்டு கேம் இடைவெளி விழும்வரை ஆடியே ஆக வேண்டும். மொத்தம் 66 கேம்கள். செட்ஜ்மேன் இருமுறை அமெரிக்கப் பட்டமும் 1952-ல் விம்பிள்டனும் வென்றவர். கோன்சாலஸ் 21 வயதில் தொழில்முறைக்குப் போனவர். நான்கு பெரிய போட்டிகளின் கதவும் அவருக்கு மீண்டும் திறந்தபோது நாற்பதை நெருங்கிவிட்டார். அவருடைய கணக்கில் நிற்கும் அந்த 2 பட்டங்களும் அவர் பையனாக இருந்தபோது வாங்கியவை. முழு ஆளாக அவர் ஆடிய ஆட்டத்தை வெம்ப்ளி போன்ற இடங்களில்தான் பார்க்க முடியும்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. வெம்ப்ளியில் ஆடியவர்கள் பல ஆண்டுகளில் ஒரு டஜன் பேர் அளவில்தான். மூன்று, நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை கையில். விம்பிள்டனில் ஏழு ஆட்டம் வெல்ல வேண்டும். வெம்ப்ளியையும் பிரெஞ்சு, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளையும் சேர்த்துப் பெரிய போட்டிகள் என்று அழைப்பது பின்னால் வந்த வழக்கம். எல்லாவற்றையும்விடக் கூர்மையான மறுப்பு 1968-ல் போர்ன்மத்தில் கிடைத்தது. எல்லோரும் சேர்ந்து ஆடிய முதல் போட்டியிலேயே, மார்க் காக்ஸ் என்ற ஆங்கிலேய அமெச்சூர் கோன்சாலஸைத் தோற்கடித்தார். அப்போதுதான் தொழில்முறைக்கு மாறியிருந்த எமர்சனையும் தோற்கடித்தார். அப்படியானால் தொழில்முறைக்காரர்களின் பெருமை வெறும் விளம்பரம்தானா?

ஆட்டக்காரர்கள் குறைவு என்பது உண்மை. அதனால் வெம்ப்ளிப் பட்டத்தை விம்பிள்டன் பட்டத்தோடு ஒன்றுக்கொன்று கூட்டி ரோஸ்வாலுக்குப் புதிய சாதனை எழுதித் தர நான் சொல்லமாட்டேன். ஆனால் கூட்டம் குறைவான அந்த அறையில் எளிய முதல் சுற்றுகளும் கிடையாது. லேவர் 1962-ல் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டு, அடுத்த ஜனவரியில் தொழில்முறைக்கு வந்தார். ரோஸ்வாலும் லூ ஹோடும் தொடக்கத்தில் அவரைப் புரட்டி எடுத்தார்கள். அமெச்சூர் உலகின் முடிசூடிய மன்னர் அங்கே மறுபடி பாடம் படிக்க வேண்டியிருந்தது. 1964 வெம்ப்ளி இறுதியில் ஐந்தாவது செட்டில் 8-6 என்று ரோஸ்வாலை வென்ற பிறகுதான் அந்தப் போட்டி அவர் கைக்கு வந்தது. 1967 வரை விடவில்லை. அவர் போனதும் காலியான அமெச்சூர் களத்தில் என்ன நடந்தது? 1962-ல் நான்கில் மூன்று இறுதிகளில் லேவரிடம் தோற்ற எமர்சன், தம் 12 பட்டங்களில் 10-ஐ 1963-க்கும் 1967-க்கும் இடையில் வென்றார். எமர்சன் நல்ல ஆட்டக்காரர், உழைப்பாளி, சந்தேகமில்லை. ஆனால் அந்த 12 என்ற எண் 2000-ல் சாம்ப்ராஸ் தாண்டும்வரை ஆண்களின் உலக சாதனையாக நின்றது. கூட்டம் குறைவு என்று வெம்ப்ளியைத் தள்ளுபவர்கள், வல்லவர்கள் இல்லாத விம்பிள்டனையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

காக்ஸ் வென்றது உண்மை. அதே போர்ன்மத்தில் இறுதிக்கு வந்தவர்கள் ரோஸ்வாலும் லேவரும். அடுத்து வந்த பிரெஞ்சுப் போட்டியில் ரோஸ்வால் லேவரை வென்றார். விம்பிள்டனை லேவர் எடுத்தார். 1969-ல் நான்கையும் மறுபடி வென்றார். ரோஸ்வால் 39 வயதில், 1974-ல், விம்பிள்டன் இறுதி வரை வந்தார். பூட்டியிருந்த ஆண்டுகளில் இவர்கள் என்ன ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 1957 முதல் 1967 வரை ரோஸ்வாலுக்கு அடைபட்ட பெரிய போட்டிகள் மட்டும் 44.

கதவு திறந்ததும் வெம்ப்ளியின் தேவை குறைந்தது. 1972 முதல் 1975 வரை நடக்கவில்லை. 1976-ல் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் சிகரெட் நிறுவனத்தின் பெயரில் மீண்டு வந்து, மெக்கன்ரோ 5 முறை வென்ற கோப்பையாக 1990 வரை ஓடியது. 1981-ல் முதல் இரண்டு செட்களை இழந்த கானர்ஸ் மெக்கன்ரோவை மடக்கிய இறுதி அந்தக் காலத்தில்தான். ஆனால் அப்போது அது பருவத்தின் பல போட்டிகளில் ஒன்று, அவ்வளவே. ஹ்லாசெக் சாங்கை வென்ற ஆட்டத்தோடு முடிந்தது.

நம் ராமநாதன் கிருஷ்ணனையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. 1950களின் இறுதியில், தொழில்முறை ஆட்டங்களை நடத்திவந்த கிரேமர் பெருந்தொகையோடு அவரைத் தொழில்முறைக்கு அழைத்தார், கிருஷ்ணன் மறுத்துவிட்டார். அதனால்தான் 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகள் அவர் பெயரில் இருக்கின்றன; இரண்டாவது அரையிறுதியில் அவரை வென்றவர் லேவர். 1966 டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா போனதும் அவர் அமெச்சூராக இருந்ததால்தான். ஒப்புக்கொண்டிருந்தால், அதே கையும் அதே மென்மையான ஆட்டமும் வெம்ப்ளியின் மரத்தளத்தில் ரோஸ்வாலுக்கும் கோன்சாலஸுக்கும் எதிரே நின்றிருக்கும். சென்னையில் அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசியவர்களுக்கு, அந்த ஆண்டுகளைக் காட்ட ஒரு பட்டியலும் இருந்திருக்காது.