சட்டக் கல்வியில் மொழி: கொள்ளேகால் முன்வைக்கும் சில சிக்கல்கள்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில மறுசீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. நாற்பதாண்டுக் காலம் மைசூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வட்டம், 1997இல் சாமராசநகர் மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது. நிலத்தின் எல்லை ஒரே நாளில் மாறிற்று. சட்டம் அவ்வாறு மாறவில்லை. ஒரு நிலப்பகுதி மாநிலம் மாறினாலும், உரிய அதிகாரம் படைத்தவர்கள் மாற்றும்வரை அங்கு முன்பிருந்த சட்டங்களே தொடரும் என மறுசீரமைப்புச் சட்டத்தின் 119ஆம் பிரிவு வகுத்திருந்தது. இதன் விளைவாகச் சென்னைச் சட்டங்கள் பல கொள்ளேகாலில் நெடுங்காலம் வழங்கின. கர்நாடகச் சட்ட நூல்களில் காணப்படும் ‘மங்களூர் - கொள்ளேகால் பகுதி’ என்னும் தொடர் இதனால் பிறந்ததே. மேலைக் கடற்கரையில் உள்ள ஊரையும் காவிரியை அடுத்துள்ள ஊரையும் ஒரே ‘பகுதி’ ஆக்கியது புவியியல் அன்று. இரண்டும் ஒருகாலத்தில் சென்னையின் ஆட்சியில் இருந்தன என்னும் சட்ட வரலாறே. 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம் இப்பகுதியில் தொடர்ந்து இருந்து, கர்நாடகத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் விலகியது.

தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் இத்தகைய ஊரில் தொழில் நடத்தப் போகும் வழக்கறிஞரைச் சட்டக் கல்லூரி எவ்வாறு பயிற்றுவிக்க வேண்டும்? அவர் சட்டத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார். கீழமை நீதிமன்றத்தில் கன்னடத்தில் வாதிடுகிறார். கட்சிக்காரர் சொல்வதைத் தமிழில் கேட்கிறார். சட்டக் கல்வி முறைகளைப் பற்றிய விவாதங்களில் இம்மூன்றாவது நிலை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

தீர்ப்பு வழிக் கற்பித்தலும் வாசிப்புச் சுமையும்

விரிவுரை கேட்டுக் குறிப்பெடுத்துத் தேர்வில் ஒப்பிக்கும் முறைக்கு மாற்றாக, தீர்ப்புகளையே பாடநூலாகக் கொள்ளும் முறையை ஹார்வர்டு சட்டப் பள்ளியில் லாங்டெல் புகுத்தினார். 1870இல் அப்பள்ளியின் முதல்வரான அவர், ஒப்பந்தச் சட்டம் குறித்த தம் தீர்ப்புத் தொகுதியை 1871இல் வெளியிட்டார். மாணவர் தீர்ப்பைப் படித்து வருவார். ஆசிரியர் வினாத் தொடுப்பார். விதி விவாதத்திலிருந்து வெளிப்படும். இம்முறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்து வலுவாக நடைமுறைப்படுத்தியது பெங்களூரின் இந்தியத் தேசியச் சட்டப் பள்ளி. மாதவ மேனன் தலைமையில் 1988இல் அங்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பின் வகுப்புகள் தொடங்கின.

இம்முறையின் வெற்றி வாசிப்பைப் பொறுத்தது. தீர்ப்பின் மொழியில் தடையின்றிப் படிப்பவருக்கு நாற்பது பக்கத் தீர்ப்பு ஒரு மாலைப்பொழுதின் வேலை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலோ கன்னடத்திலோ படித்தவருக்கு அதே தீர்ப்பு ஒரு வாரத்தை விழுங்கும். அவர் வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பது சட்ட அறிவின் குறையாக மதிப்பிடப்படுகிறது. உண்மையில் அது வாசிப்பு வேகத்தின் குறை. முடிவில் அவர் கடையில் விற்கும் வினா-விடைக் குறிப்பேட்டை நாடுகிறார். ஒப்பித்தலை ஒழிக்க வந்த முறை, ஒரு சாராரை மீண்டும் ஒப்பித்தலுக்கே அனுப்பிவைக்கிறது.

தீர்ப்புகளைத் தாய்மொழியில் தருவது புதிய எண்ணமும் அன்று. முன்சீப்பாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டார். ஹார்வர்டின் தொகுதிக்கு ஒன்பதாண்டு முற்பட்டது இது. இரண்டின் நோக்கமும் வேறு என்பதால் முதன்மை கொண்டாட வேண்டியதில்லை. ஆயினும் தீர்ப்பைத் தமிழில் படிக்க இயலும் என்பது அப்போதே செய்துகாட்டப்பட்டுவிட்டது. பின்னாளில் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்தது. உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலமே தொடர்கிறது. எனவே ஆங்கிலத்தை விலக்கிய சட்டக் கல்வி மாணவரை முதல் படியிலேயே நிறுத்திவிடும். ஆங்கிலம் மட்டுமே உள்ள சட்டக் கல்வி அவரை அம்முதல் படியில் நிற்க விடாது.

ஒலியால் ஒத்து, பொருளால் விலகும் சொற்கள்

கொள்ளேகால் போன்ற இடத்தில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. தமிழ், கன்னடச் சட்டச் சொற்களுள் பல ஒன்றுபோலவே உள்ளன. வாதி, பிரதிவாதி, சாட்சி, தீர்ப்பு, கிரயப் பத்திரம், ஜாமீன் ஆகியன இருமொழியினருக்கும் புரியும். இந்த ஒற்றுமை தரும் துணிவே ஆபத்தாகவும் முடிகிறது.

‘அபராதம்’ என்பதைக் காண்க. தமிழில் இது தண்டத் தொகையைக் குறிக்கும். கன்னடத்தில் ‘அபராத’ என்பது குற்றத்தையே குறிக்கும். தண்டத் தொகைக்கு அங்கு ‘தண்ட’ என்னும் சொல் உண்டு. ‘அவருக்கு அபராதம் இல்லை’ என்று தமிழ்ச் சாட்சி ஒருவர் சொன்னால், பணம் கட்டச் சொல்லவில்லை என்பதே பொருள். கன்னடக் காது அதனை ‘அவர்மேல் குற்றம் இல்லை’ என்று ஏற்கக்கூடும். பதிவேட்டில் எழுதப்பட்ட பின் இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

நிலவழக்குகளில் இது மேலும் கூர்மையாகும். தமிழில் ‘குத்தகை’ என்பது முதன்மையாகப் பயிர்நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை. அதனோடு உறவுடைய கன்னடச் சொல்லான ‘குத்திகெ’ ஒப்பந்த வேலை, ஏல உரிமை முதலியவற்றுக்கே மிகுதியாக வழங்குகிறது. உழுகுடி உரிமைக்குரிய சொல் ‘கேணி’. (தமிழ் எழுத்தில் எழுதினால் இது கிணறு ஆகிவிடும் என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் நினைவில் வைக்க வேண்டும், கன்னடத்தில் முதலெழுத்து ஒலிப்புடையது.) கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1974ஆம் ஆண்டுத் திருத்தம், உழுகுடிகள் வசமிருந்த நிலங்களை அரசிடம் சேர்த்து, பின் அவ்வுழுகுடிகளுக்கே உரிமை வழங்க வழிசெய்தது. அச்சட்டத்தின் முன் நிற்பவர் உழுகுடியா, கூலி பேசிக்கொண்ட ஒப்பந்தக்காரரா என்பதே வழக்கின் உயிர்நிலை. ‘குத்தகைக்கு உழுதேன்’ என்னும் தமிழ் வாக்கியம் ‘குத்திகெ’ என்று பெயர்க்கப்பட்டால் நிலம் கைநழுவக்கூடும்.

தமிழ்த் ‘தணிக்கை’ கணக்கைச் சரிபார்ப்பது. கன்னடத் ‘தனிகெ’ காவல் துறையின் புலனாய்வு. தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘விசாரணை’ என்பது காவல் நிலையத்திலும் நடக்கும், நீதிமன்றத்திலும் நடக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டமோ புலனாய்வையும் விசாரணையையும் தனித்தனியே வரையறுக்கிறது. தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரை ‘எதிரி’ எனக் குறிக்கும் மரபு உண்டு. பகைவன் என்னும் உலக வழக்குப் பொருளை மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் இங்குத் தடுமாறுவார்.

சாட்சி நீதிமன்ற மொழியல்லாத மொழியில் பேசினால், இயன்றவரை அம்மொழியிலேயே பதிவு செய்யலாம். இயலாதபோது நீதிமன்ற மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பு ஆயத்தம் செய்யப்பட வேண்டும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு கூறிய இவ்விதி, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அம்மொழிபெயர்ப்பு ‘உண்மையானதா’ என்று அந்நேரத்தில் கேட்கக் கூடியவர் இருமொழியும் அறிந்த வழக்கறிஞர் ஒருவரே. அவ்வாறு கேட்பதற்கான பயிற்சி அவருக்கு எந்தப் பாடத்திலும் தரப்படுவதில்லை.

வினைமுற்றில் தங்கும் சட்டம்

சொற்கள் அகராதியில் கிடைத்துவிடும், தொடரமைப்பு கிடைக்காது. சட்ட விதியின் வலிமை தமிழில் வினைமுற்றில் தங்குகிறது. ‘செய்தல் வேண்டும்’ கட்டாயம், ‘செய்யலாம்’ அனுமதி. எதிர்மறையில் இவை நேர்கோட்டில் செல்வதில்லை. ‘செய்ய வேண்டியதில்லை’ கட்டாயத்தை நீக்குகிறது. ‘செய்யக் கூடாது’, ‘செய்யலாகாது’ என்பன தடை விதிக்கின்றன. ‘செய்ய வேண்டாம்’ என்பதோ இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவது. சட்ட நடையில் அதற்கு இடமில்லை. ‘-லாம்’ என்னும் ஈறு அனுமதியையும் நிகழக்கூடுமையையும் ஒருங்கே சுட்டும் என்பதால், ‘நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம்’ என்பது அதிகாரமா, எதிர்பார்ப்பா என்பதைச் சூழல்தான் காட்ட வேண்டும்.

ஆங்கிலச் சட்ட வாக்கியம் விதியை முன்னே கூறி, விலக்கையும் வரம்புரையையும் பின்னே தொடுக்கும். தமிழில் நிபந்தனை முன்னே வர, வினை இறுதியில் நிற்கும். ஆங்கில ஒழுங்கை அப்படியே பின்பற்றும் பெயர்ப்பில், படிப்பவர் எட்டு வரிகளைக் கடந்த பின்னரே வினையைச் சந்திக்கிறார். அதற்குள் எழுவாயை மறந்துவிடுகிறார். வரம்புரையைத் தனி வாக்கியமாகப் பிரிப்பதே நல்லது. ஆனால் பிரிக்கும்போது அது எந்தத் துணைப்பிரிவைக் கட்டுப்படுத்துகிறது என்பது மங்கிவிடாமல் காப்பது எளிதன்று.

வகுப்பறைக்கு உரியது

1990களின் பிற்பகுதியில் இந்திய வழக்கறிஞர் மன்றம் செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியது. ஆவணம் வரைதலும் மாதிரி நீதிமன்றமும் அவற்றுள் அடங்கும். புதிய தாள் எதனையும் சேர்க்காமலே மொழிப் பயிற்சியை இவற்றுள் புகுத்தலாம். கட்சிக்காரராக நடிக்கும் மாணவர் தம் குறையைத் தமிழில் சொல்ல, மற்றொருவர் கன்னடத்தில் மனு வரையட்டும். மூன்றாமவர் அம்மனுவை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் தமிழில் சொல்லட்டும். முதற்கூற்றுக்கும் மூன்றாம் கூற்றுக்கும் இடையே மாறியது எது என்பதே அன்றைய பாடம். தீர்ப்பு வாசிப்பிலும் இவ்வாறே நாற்பது பக்கத்தையும் ஒருங்கே தராமல், முதல் பருவத்தில் வழக்கின் நிகழ்ச்சிகளையும் முடிவையும் தாய்மொழிச் சுருக்கமாகத் தந்து, நீதிபதி காரணம் காட்டும் பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் படிக்கச் செய்யலாம். சிந்தனைக்கு உரிய பகுதி அதுவே; வாசிப்பு உழைப்பு அங்கே செலவாவதுதான் முறை.

கொள்ளேகாலின் நில ஆவணங்கள் இதற்கு ஏற்ற பாடப்பொருள். பட்டா, சிட்டா, அடங்கல் என்னும் சென்னை வருவாய்த் துறைச் சொற்களுக்கும் ‘பஹணி’, ‘காத்தா’ என்னும் கர்நாடகச் சொற்களுக்கும் ஒன்றுக்கொன்று நேரான இணை இல்லை. பட்டாவைக் ‘காத்தா’ என்று பெயர்க்கும் மாணவரிடம் ஆசிரியர் கேட்க வேண்டியது, அச்சொல் அகராதியில் எங்கே உள்ளது என்பதன்று. அந்த ஆவணத்தில் யாருடைய பெயர், எதற்காக எழுதப்படுகிறது என்பதே.