பூச்சி மருந்து விஷமும் அயல்நாட்டுக் கம்பெனிகளின் பொறுப்பும்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் சிற்றாற்றுப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைகின்றன. பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் கத்தரி, தக்காளி, சிறு வெங்காயம், புளியங்குடியில் எலுமிச்சை. எல்லாப் பயிருக்கும் மருந்துத் தெளிப்பு உண்டு. தெளிப்பவர் கைலி கட்டிய சிறு விவசாயி அல்லது கூலியாள். மருந்தைத் தயாரிக்கும் கம்பெனியின் தலைமையகமோ பல சமயம் கடல் கடந்த நாட்டில் இருக்கிறது. தெளிப்பவருக்குத் தீங்கு நேர்ந்தால் அந்தக் கம்பெனியைக் கேட்பவர் யார்? இதற்கென்றே சில அமைப்புகள் இயங்கி வருகின்றன.

யவத்மால் சம்பவம்

2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை, மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த நூற்றுக்கணக்கானோர் விஷ பாதிப்புக்கு உள்ளாயினர். 20 பேருக்கு மேல் இறந்தனர். கண் பார்வை மங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல், நினைவிழத்தல் ஆகியவை கண்டன. அவ்வாண்டு பருத்திச் செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. விசைத் தெளிப்பானிலிருந்து வந்த மருந்துப் புகை தெளித்தவர் முகத்திலேயே படிந்தது.

தெளிக்கப்பட்ட மருந்துகள் பல. அவற்றுள் ஒன்று 'போலோ'. டயாபென்தியூரான் என்ற விஷம் கொண்ட இதை விற்றது சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட சின்ஜென்டா கம்பெனி. அந்த விஷத்தைச் சுவிட்சர்லாந்தில் பயன்படுத்த அப்போதே அனுமதி கிடையாது.

அமைப்புகள் செய்தது என்ன?

சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ', இந்தியாவின் 'பான் இந்தியா' முதலிய அமைப்புகள் பாதிக்கப்பட்டோரைச் சந்தித்து, போலீஸ் பதிவேடுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் திரட்டின. 'போலோ' தொடர்பாக 96 விஷ பாதிப்புகள் போலீஸ் பதிவில் இருந்ததாக அவை வெளியிட்டன. தங்கள் மருந்தே காரணம் என்பதைக் கம்பெனி மறுத்தது.

2020 செப்டம்பரில், 51 பேர் சார்பாகச் சுவிஸ் அரசின் தொடர்பு அலுவலகத்தில் புகார் தரப்பட்டது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பைச் சேர்ந்த நாடுகள், தங்கள் கம்பெனிகள் வெளிநாட்டில் நடந்துகொள்ள வேண்டிய முறைபற்றி நெறிகள் வகுத்துள்ளன. நெறி மீறப்பட்டால் கம்பெனியின் தாய்நாட்டிலேயே புகார் செய்யலாம். ஆனால் அந்த அலுவலகம் சமரசம் பேசலாமே தவிர, நஷ்டஈடு தரும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே உயிர் பிழைத்த ஒருவரும், கணவரை இழந்த இரு பெண்களும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சட்ட நடவடிக்கையும் தொடங்கினர்.

இத்தகைய முயற்சிகளால் ஒரு பலன் கிட்டியது. டயாபென்தியூரான், பாரகுவாட் உள்ளிட்ட 5 மருந்துகளின் ஏற்றுமதியை 2021 ஜனவரி முதல் சுவிட்சர்லாந்து தடை செய்தது.

விதி என்ன சொல்கிறது?

உலக உணவு விவசாய நிறுவனம் 1985-இல் பூச்சி மருந்து விற்பனைக்கு ஒரு நடத்தை விதி வகுத்தது. தெளிப்பவர் அணிய வேண்டிய பாதுகாப்பு உடை வெப்ப நாட்டில் அணிய முடியாததாகவோ, விலை மிகுந்ததாகவோ, எளிதில் கிடைக்காததாகவோ இருந்தால், அவ்வகை மருந்தைச் சிறு விவசாயிகளிடையே தவிர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. 'உடை அணியாதது விவசாயியின் தவறு' என்று மட்டும் சொல்லிக் கம்பெனிகள் ஒதுங்கிவிட முடியாது என்று இந்த அமைப்புகள் வாதிடுவது இதை வைத்தே.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

யவத்மால்காரர்களுக்குக் கைகொடுத்தவை எழுத்து மூலமான ஆதாரங்களே. ஆகவே,

1. மருந்து வாங்கும்போது பில் கேட்டு வாங்கவும். அதில் மருந்தின் பெயர், தயாரிப்பு எண், தேதி இருக்கவேண்டும்.

2. டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தைப் பார்க்கவும். சிவப்பு மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என விஷத்தன்மை குறையும்.

3. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்றில் தெளிப்பதைத் தவிர்க்கவும். எக்காலத்திலும் காற்றை எதிர்த்துத் தெளிக்கலாகாது. பல மருந்துகளைக் கலந்து தெளிப்பதும் ஆபத்து.

4. மயக்கம், பார்வை மங்கல் கண்டால் உடனே தெளிப்பை நிறுத்தி, உடையைக் களைந்து, சோப்பு போட்டுக் குளித்து, ஆஸ்பத்திரிக்குச் செல்லவும். மருந்து டப்பாவையும் கொண்டு போகவும். மோனோகுரோட்டபாஸ் போன்றவற்றுக்கு அட்ரோபின் மாற்று மருந்து. எல்லா விஷத்துக்கும் அது பொருந்தாது. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை தர முடியும்.

5. ஆஸ்பத்திரிச் சீட்டில் மருந்தின் பெயரை எழுதும்படி கேட்கவும். போலீசிலும் வேளாண்மை அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து, நகல் வைத்துக்கொள்ளவும்.

6. வழக்குத் தொடர வசதி இல்லாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவச உதவி உண்டு.

கூலிக்குத் தெளிக்க வருபவருக்கும் இவை அனைத்தும் பொருந்தும். பில் தோட்டக்காரர் பெயரில் இருந்தாலும், விஷம் ஏறுவது தெளிப்பவர் உடலில். ஆகவே மருந்தின் பெயரை அவருக்குச் சொல்லி, டப்பாவையும் காட்டிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்வது தோட்டக்காரரின் கடமையாகும்.