பழனிச்சாமி என்னும் பெயர்

கிணத்துக்கடவு வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். வருகைப் பதிவேட்டைத் திறந்து, "பழனிச்சாமி" என்று அழைத்தால், ஒரே வகுப்பில் மூன்று குரல்கள் எழுவதுண்டு. அம்மூவருள் ஒருவன், பள்ளியிறுதி ஆண்டில் ஒரு விண்ணப்பத்துடன் வந்தான். "பழங்காலப் பெயர், ஐயா. கல்லூரியில் நகைப்பார்கள். மாற்றிக்கொள்ள விரும்புகிறேன்" என்றான். அவனுக்கு நான் கூறியவற்றையே உங்களுக்கும் கூறுகிறேன்.

பழனி என்பது முதலில் ஊரின் பெயர். அகநானூற்றின் முதற் பாட்டில் மாமூலனார் 'பொதினி' என்றோர் ஊரைப் பாடுகிறார். அது ஆவியர் குடியினரின் ஊர். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன் அக்குடியில் தோன்றியவன். பொதினியே பழனி என மருவியது என்பர் அறிஞர். வயலைக் குறிக்கும் 'பழனம்' என்னும் சொல்லே மூலம் என்பாரும் உளர். கனிக்காகச் சினந்து வந்த முருகனைப் 'பழம் நீ' என்று தேற்றியதால் வந்த பெயர் என்பது புராண வழக்கு. திருமுருகாற்றுப்படையோ இத்தலத்தை ஆவினன்குடி என்றே குறிக்கிறது.

ஊர்ப்பெயர் இறைவனுக்காகி, இறைவன் பெயர் மனிதனுக்காயிற்று. 'சாமி' என்பது 'சுவாமி' என்னும் வடசொல்லின் திரிபு. உடையவன், தலைவன் என்பது அதன் பொருள். தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து நடக்கும் கொங்கு நாட்டார், பழனிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு இப்பெயரை இட்டனர். செட்டிநாட்டில் இதுவே பழனியப்பன். மலேசியா சென்ற தமிழரிடையே பழனியாண்டி என்ற வடிவமும் வழங்குகிறது. பெண்மக்களுக்குப் பழனியம்மாள்.

இவ்வளவும் கூறியபின், "உன் பாட்டனார் பெயர் யாது?" என்று வினவினேன்.

"அவரும் பழனிச்சாமிதான், ஐயா."

"பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். பெயரை மாற்றிக்கொள்வது உன் உரிமை. ஆயினும், அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வா" என்றேன்.

மறுநாள் அவன் வந்தான். "தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. சிறிது நேரம் பேசாமல் இருந்தார்" என்றான். பிறகு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுச் சென்றான்.

மாணவர்களே, உங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்றிரவே வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வைத்துக்கொள்வதும் மாற்றிக்கொள்வதும் அதன் பின்னர் ஆகட்டும்.