நகரின் முற்றம்

வீட்டுக்கு முற்றம் எத்தகையதோ, நகருக்குப் பொதுவெளி அத்தகையது. பண்டைத் தமிழர் இதனை மன்றம் என்றும் பொதியில் என்றும் வழங்கினர். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் கைவினைஞரும் பரதவரும் வாழ்ந்தது மருவூர்ப்பாக்கம். அரசரும் அந்தணரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம். இவ்விரண்டுக்கும் இடையே மரஞ்செறிந்த நிலமொன்று விடப்பட்டிருந்தது. பகற்பொழுதில் நாளங்காடி கூடியது அங்கேதான். இருபாலாரும் ஒருங்கு கூடுதற்கு இடம் வேண்டும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

யாழ்ப்பாண நகருக்கு அத்தகைய இடம் முற்றவெளியாகும். அது தோன்றிய காரணம் வேறு. கோட்டையை அடுத்துக் கட்டிடங்கள் இருப்பின் அவை பகைவர்க்கு மறைவிடமாகும். ஆதலின் கோட்டையின் புறத்தே வெட்டவெளி விடுதல் ஐரோப்பியர் வழக்கம். பீரங்கிக்காக விட்ட நிலம் காலப்போக்கில் மக்களுக்கு உரியதாயிற்று.

இன்று அதன் சுற்றாடலுக்கு வருவோர் பலதிறத்தினர். முனியப்பரை வழிபட வருவோர் ஒருசாரார். நூலகத்தை நாடும் மாணவர் ஒருசாரார். பந்தாடும் இளைஞரும் காற்று வாங்கும் முதியோரும் வேறொருசாரார். 1974ஆம் ஆண்டு உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின்போது உயிர்நீத்தோரை நினைந்து வருவோரும் உளர். இவருள் ஒருவர்க்கு வசதி செய்யுங்கால் மற்றவர் வெளியேற நேரின், அது திட்டமிடலாகாது.

அங்ஙனமாயின் திட்டமிடுதல் எவ்வாறு? முதற்கண் வருவோரை எண்ணுதல் வேண்டும். டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்னும் பழைய கடைத்தெருவில் 1962இல் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. வியாபாரம் கெடுமென வணிகர் அஞ்சினர், அவ்வச்சம் பொய்த்தது. யான் கேல் என்னும் கட்டிடக்கலைஞர் அந்நகரில் நடப்போர், நிற்போர், அமர்ந்திருப்போர் ஆகியோரை ஆண்டுகள் பலவாக எண்ணிப் பதிவு செய்தார். நகரின் நடுவே 1962இல் ஏறத்தாழ 15,800 சதுர மீற்றராக இருந்த வாகனமற்ற வெளி, 1996இல் 95,000 சதுர மீற்றருக்கு மேலாயிற்று. ஒரேயடியாகவன்றிச் சிறிது சிறிதாகவே இது நிகழ்ந்தது.

எண்ணிய பின்னரே அமைத்தல் வேண்டும். நம் வெயிலுக்கு முதற்றேவை நிழல், பளிங்குத்தளம் அன்று. முதியோர்க்குச் சாய்மணை உள்ள இருக்கை வேண்டும். பெண்களும் சிறுவரும் அந்தியில் அச்சமின்றிச் செல்ல விளக்கொளியும் தூய கழிப்பிடமும் வேண்டும். போரில் கால் இழந்தோர் பலர் வாழும் இம்மண்ணில் படிக்கட்டு மாத்திரம் போதாது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது கொண்ட சரிவுப்பாதையும் வேண்டும். சிறு வியாபாரிகளைத் துரத்தாது, அவர்க்கெனப் பாதையோரத்தில் இடம் ஒதுக்குதல் நன்று.

“வெறுமையாய்க் கிடக்கின்றதே, கட்டிடம் ஒன்று எழுப்பலாமே” என்பார் உளர். முற்றத்தில் அறை கட்டினால் வீட்டுக்கு ஓர் அறை கூடும், முற்றம் இராது. எழுப்பிய கட்டிடத்தை அகற்றி வெளியை மீட்டல் எளிதன்று.

நம் மாணவர் ஒருநாள் குறிப்பேட்டுடன் முற்றவெளிக்குச் சென்று, காலையிலும் நண்பகலிலும் அந்தியிலும் யார் யார் வருகின்றனர், யார் வாராதிருக்கின்றனர் என எழுதிவருவாராக. வாராதவர் ஏன் வரவில்லை என்னும் வினாவிலிருந்தே நல்ல திட்டம் தொடங்கும்.