காலம் மாறினும் பயன் மாறாத கொடை

நம் பள்ளிகள் பலவற்றில், மறைந்த பெற்றோர் அல்லது ஆசிரியர் நினைவாக நிறுவப்பட்ட பரிசுகள் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அன்பர் ஒருவர் 5,000 ரூபாயை வைப்பில் இட்டு, அதன் வட்டியில் ஏழை மாணவர் ஒருவருக்குப் பாடநூல் வாங்கித் தருமாறு எழுதிவைத்தார் என்று கொள்வோம். ஏழு விழுக்காடு வட்டியில் இன்று ஆண்டுக்குக் கிடைப்பது 350 ரூபாய். அரசுப் பள்ளியிலோ பாடநூல் இலவசமாகவே கிடைக்கிறது. அம்மாணவருக்கு இன்று தேவைப்படுவது மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம். ஆவணம் அதற்கு இடந்தருவதில்லை.

இது நமக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மேயராக இருந்த பிரையன் மல்லன்ஃபி 1851-இல் மறைந்தபோது, மேற்கே குடியேறச் செல்லும் வழியில் அந்நகரை அடையும் ஏழைகளுக்கு உதவத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுச் சென்றார். பின்னர் இருப்புப்பாதை வந்தது. அத்தகைய பயணியர் அருகினர். பணம் இருந்தது, பெறுவதற்குரியோர் இல்லை.

இதற்குத் தீர்வு கண்டவர் ஒரு வங்கியாளர் என்பதைக் குறிப்பிடுவதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. கிளீவ்லாந்து நகர வங்கியொன்றின் தலைவரான ஃபிரெடரிக் காஃப், 1914-இல் முதல் சமூக அறக்கட்டளையை நிறுவினார். பலரது கொடைகள் ஒரே மூலநிதியில் சேரும். அதனைப் பாதுகாத்து வளர்ப்பது வங்கியின் பொறுப்பு. வருவாயை எதற்குச் செலவிடுவது என்பதை, ஊரின் தேவையை அறிந்த மக்கள் குழு முடிவு செய்யும். பணத்தைக் காப்பவர் வேறு, பயனை முடிவு செய்பவர் வேறு என்னும் இப்பிரிவே அதன் வலிமை.

நம் நாட்டில் மும்பை நகருக்கென 1991-இல் தொடங்கப்பட்ட 'பாம்பே கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட்' இவ்வகையில் முன்னோடியாகும். தனியே அறக்கட்டளை நிறுவி, ஆண்டுதோறும் கணக்கும் தணிக்கையும் பார்க்க இயலாதவர்க்கு இத்தகைய பொதுநிதி ஏற்றது. சிறு தொகைகளும் ஒன்றுசேர்ந்தால் ஒரு மருத்துவ முகாமுக்கோ முதியோர் இல்லத்துக்கோ கைகொடுக்கும்.

கொடை அளிக்குமுன் சிலவற்றைக் கேட்டறிதல் நலம். அமைப்பு முறையாகப் பதிவு பெற்றதா? தணிக்கை செய்த கணக்கைக் காட்டுகின்றனரா? நிருவாகச் செலவு எவ்வளவு? பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பவர் யாவர்? வருமான வரிக் கழிவு பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கே உரியது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக அளித்தால் அதுவும் இல்லை. ஆகவே காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றமே தக்கது.

பள்ளிக்கோ கோயிலுக்கோ நேரடியாக வைப்பு ஏற்படுத்துவோரும் ஆவணத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கலாம். ஒன்று, வட்டியில் ஒரு பகுதி ஆண்டுதோறும் மூலநிதியில் சேரவேண்டும். மற்றொன்று, குறித்த நோக்கம் பொருந்தாத காலம் வரின் அதற்கு நெருங்கிய வேறொரு தேவைக்கு வருவாயைப் பயன்படுத்தலாம். இவ்விரு வரிகள் இருந்திருந்தால், அந்த 5,000 ரூபாய் இந்நேரம் வளர்ந்திருக்கும். அந்த மாணவருக்குக் கண்ணாடியும் கிடைத்திருக்கும்.