வாடகை உயர்வு: சட்டம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டு உரிமையாளர் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகையை உயர்த்தலாம்? சட்டத்தின் விடை சுருக்கமானது: ஒப்பந்தத்தில் எழுதியுள்ளபடி. உச்சவரம்பு ஏதும் இல்லை.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை நிலைமை வேறு. குடியிருப்புக் கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கணக்கிட்டு நியாய வாடகையை நிர்ணயிக்க அதில் இடமிருந்தது. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 அந்தக் கணக்கைக் கைவிட்டது. இப்போது வாடகை என்பது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தொகை, உயர்வும் அவ்வாறே.

இதில் வாடகைதாரருக்கு ஒரு பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. உயர்வு பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லையென்றால், காலம் முடியும் முன் உரிமையாளர் தன் விருப்பப்படி வாடகையைக் கூட்ட முடியாது. வீட்டை மேம்படுத்தியதற்காகக் கூட்ட வேண்டுமானாலும், வேலையைத் தொடங்கும் முன்பே எழுத்துப்பூர்வ உடன்பாடு வேண்டும். வழக்கமான பழுதுபார்ப்பு இதில் சேராது. தகராறு எழுந்தால் இரு தரப்பில் எவரும் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே அந்த அமைப்பு. உயர்வுக்கு இணங்காதவரைப் பணிய வைக்கத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதை 20ஆவது பிரிவு தடை செய்கிறது.

ஆனால் இவற்றைக் கேட்டுப் பெற, எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்திற்குப் பதிவு தேவையில்லை என்ற பழைய பழக்கம் இங்கு செல்லாது. கால அளவு எதுவாயினும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்தாக வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைக் காலி செய்யக் கோரும் காரணமாக 21ஆவது பிரிவு ஏற்கிறது. அப்பிரிவைக் காட்டித் தொடுக்கப்பட்ட வழக்குகள் பல உயர் நீதிமன்றம் வரை சென்றுள்ளன. ஒப்பந்தம் எழுத மறுப்பவர் பெரும்பாலும் உரிமையாளர். வீட்டை இழப்பவரோ வாடகைதாரர். சட்டத்தின் மிகக் கூரிய முனை இதுவே.

முன்பணத்திலும் இதே தளர்ச்சி. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் வாங்கலாம் என்றும் இடம் விடுகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னைக்கு அந்த இடைவெளி போதும்.

ஒப்பந்தச் சுதந்திரம் என்பதன் பொருள், பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கலாம் என்பதுதான். அந்த வேறு வீடு யாருக்குக் கிடைக்கிறது? ‘எந்த ஊர், எந்தத் தெரு, அசைவம் சாப்பிடுவீர்களா’ என்ற கேள்விகளைக் கடந்து ஒரு வீட்டைப் பெற்ற தலித் குடும்பத்திற்கு, மறுபடியும் அதே வாசல்களில் நிற்பதைவிட இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது எளிதாகத் தோன்றும். பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அம்பேத்கர் பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, தங்க இடமின்றிப் பம்பாய்க்கே திரும்பியது அனைவரும் அறிந்த வரலாறு. அன்று அவரிடம் வாடகை கொடுக்கப் பணம் இருந்தது.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாதியைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு இல்லை. கடைகள், உணவகங்கள், கிணறுகள், சாலைகள் எனப் பட்டியலிடும் அரசமைப்பின் 15(2) உறுப்பிலும் வாடகை வீடு இடம்பெறவில்லை. குடியேறிய பிறகு நிலைமை சற்று மாறுகிறது: பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அவர்களது இருப்பிடத்தை விட்டு வெளியேறச் செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்கீழ் குற்றம். சாதி தெரிந்த மறுமாதமே வாடகை இரட்டிப்பானால், அது வெறும் வாடகைத் தகராறுதானா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நாள், தொகை, குறுஞ்செய்தி என ஒவ்வொன்றும் சான்றாகும். ஆகவே வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே செலுத்துவது நல்லது.

உயர்ந்த தொகையைக் கேட்டு உரிமையாளர் பழைய வாடகையை வாங்க மறுத்தால், கொடுக்காமல் இருந்துவிடக்கூடாது. இரண்டு மாத நிலுவை வெளியேற்றத்திற்கான காரணமாகிவிடும். வாடகையை வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்த வழியுண்டு. அதற்கான மனுவை எழுதவும் வழக்காடவும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. அவர்கள் வருமானச் சான்று காட்டத் தேவையில்லை.